தலைப்பிலிருந்து தப்பியவர்கள்

நாவலுக்குள்ளே ஓர் ஆண் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பெண்களைக் கடத்தலாம், கட்டிப்போடலாம், கொன்று கடலில் போடலாம். அதற்குப் பிறகும் ஊரில் பெரிய மனுஷனாக, கம்பெனி முதலாளியாக, வீட்டுக்கு வந்த விருந்தாளியை உட்காரவைத்து உபசரிக்கும் நல்லவனாக உலாவலாம். அதையெல்லாம் ஐந்நூறு பக்கத்துக்கு விலாவாரியாக அச்சடித்து, விமான நிலையக் கடைகளில் கோபுரமாக அடுக்கி விற்பதில் பதிப்புலகத்துக்கு ஒரு கூச்சமும் கிடையாது. "இதைச் செய்தவர்கள் ஆண்கள்" என்று அட்டையில் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் அதற்கு வயிற்றைக் கலக்கும்.

சந்தேகமிருந்தால் ஸ்டீக் லார்சனைக் கேட்கலாம். கேட்க முடியாது, இறந்துவிட்டார். அவர் இறந்தது இந்த வியாபாரத்துக்குப் பெரிய வசதியாகப் போயிற்று.

லார்சன் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகைக்காரர். நவநாஜிக் கும்பல்களைக் கண்காணித்து அம்பலப்படுத்துவதற்காக 1995-இல் 'எக்ஸ்போ' என்ற பத்திரிகையை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியவர். கொலை மிரட்டல் வாங்கிப் பழகிய மனிதர். முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே வாழ்ந்த எவா காப்ரியேல்சனைச் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டால் முகவரி பதிவேட்டில் ஏறிவிடும், கும்பல் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்கிறார் எவா. இந்த லார்சன் மூன்று துப்பறியும் நாவல்களை எழுதி ஸ்டாக்ஹோமில் நோர்ஸ்டெட்ஸ் பதிப்பகத்தில் கொடுத்தார். முதல் நாவலுக்கு அவர் வைத்த பெயர், 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'. அங்கேயும் பதிப்பகம் தயங்கத்தான் செய்தது. கதையில் எதைத் தொட்டாலும் பொறுத்துக்கொண்டவர் தலைப்பில் மட்டும் பிடிவாதமாக நின்றார். 2004 நவம்பர் 9 அன்று, லிஃப்ட் ஓடாததால் ஏழு மாடி படியேறி அலுவலகத்துக்குப் போனவரை மாரடைப்பு கொண்டுபோனது. வயது 50. புத்தகம் அடுத்த வருஷம் வந்தது. தலைப்பு அவர் வைத்தபடியே இருந்தது.

மூன்று வருஷம் கழித்து, 2008-இல், லண்டனில் ஆங்கிலப் பதிப்பு வந்தது. 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ'. நம் பேச்சில் சொன்னால், டிராகன் பச்சை குத்தின பொண்ணு.

ஆண்கள் போய்விட்டார்கள். வெறுப்பும் போய்விட்டது. பெண்கள் என்ற பன்மையும் போய், அந்த இடத்தில் ஒரே ஒரு பொண்ணு வந்து நிற்கிறாள், அவளோடு அவள் தோலும். குற்றத்தின் பெயர் இருந்த பலகையில் சாட்சியின் அங்க அடையாளத்தை எழுதிவிட்டார்கள்.

அந்த முடிவு எடுத்த அறையில் நான் இல்லை. ஆனால் அந்த மாதிரி அறை எப்படி இருக்கும் என்பதற்கு லண்டன் போக வேண்டியதில்லை. ஒரு நீள மேஜை, பிஸ்கட் தட்டு, கையெழுத்துப் பிரதியைப் படிக்காத ஐந்து பேர். என் காதில் அது இப்படித்தான் விழுகிறது:

"பெண்களை வெறுக்கும் ஆண்கள்னா... ஏதோ மாதர் சங்கத் துண்டறிக்கை மாதிரி இருக்கே சார்."

"ஆம்பளைங்க வாங்க மாட்டாங்க. தன்னைத்தான் சொல்றான்னு நெனச்சுக்குவாங்க."

"பொம்பளைங்களும் வாங்க மாட்டாங்க. இதைக் காசு குடுத்துப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா அவங்க?"

"கதையில பொண்ணு ஒருத்தி இருக்காள்ல?"

"இருக்கா சார். கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரி. நல்ல மூளை."

"மூளையை அட்டையில போட முடியாதுப்பா. உடம்புல ஏதாவது இருக்கா?"

"முதுகுல ஒரு டிராகன்..."

"அதான்! டீ சொல்லுங்க."

நான் கற்பனை செய்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கற்பனைக்கு எட்டாத பகுதியை ஆங்கிலப் பதிப்பே செய்துவைத்திருக்கிறது. ஸ்வீடிஷ் மூலத்தில் அந்த டிராகன் அவள் முதுகு முழுக்கப் பரவிக் கிடக்கும். ஆங்கிலத்தில் அது தோள்பட்டையில் ஒரு சின்னச் சித்திரமாகச் சுருங்கிவிட்டது. டிராகனைத் தலைப்புக்குப் பதவி உயர்த்திய அதே கை, உடம்பில் அதன் அளவைக் குறைத்திருக்கிறது. பெரிதாக இருந்தால் பயமாக இருக்கும், சிறிதாக இருந்தால் அழகாக இருக்கும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் போல. மொழிபெயர்த்த ஸ்டீவன் மர்ரி, பதிப்பகம் தன் பிரதியில் செய்த திருத்தங்களைப் பார்த்துவிட்டு, என் பெயரே வேண்டாம் என்று 'ரெக் கீலண்ட்' என்ற புனைபெயரில் ஒதுங்கிக்கொண்டார். எழுதியவர் இறந்துவிட்டார், மொழிபெயர்த்தவர் ஒளிந்துகொண்டார், குற்றவாளிகள் தலைமறைவு. அட்டையில் மிச்சம் அந்தப் பொண்ணு மட்டும்தான்.

புத்தகத்தைத் திறந்தால் இன்னொரு வேடிக்கை. நாவல் நான்கு பாகம். ஒவ்வொரு பாகத்தின் முகப்பிலும் ஸ்வீடனில் பெண்கள் மீது நடக்கும் வன்முறை பற்றி ஒரே ஒரு வரிக் கணக்கு இருக்கிறது. இத்தனை சதவீதம் பேர் மிரட்டப்பட்டவர்கள், இத்தனை சதவீதம் பேர் அடிபட்டவர்கள் என்ற ரீதியில், விளக்கம் இல்லாமல், பெரிய வெள்ளைப் பக்கத்தில் தனியாக. அசல் தலைப்போடு சேர்த்துப் படித்தால் அந்த நான்கு வரியும் குற்றப்பத்திரிகையின் நான்கு பிரிவுகள். டிராகன் தலைப்போடு படித்தால், இது ஏன் இங்கே வந்தது என்று வாசகர் ஒரு வினாடி விழித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். ஆங்கிலப் பதிப்பில் இந்த வரிகள் எப்படிப் பிழைத்தன? விற்பனைப் பிரிவின் பார்வை அட்டையோடு நின்றுவிடும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. பாகங்களின் பெயர்களும் கம்பெனிக்காரர்களின் பாஷையில்தான் இருக்கின்றன: ஊக்கத்தொகை, இணைப்புகள் என்று. கடைசிப் பாகத்தின் பெயர், எதிராளியின் சம்மதமில்லாமல் அவன் கம்பெனியைக் கைப்பற்றுவதற்குப் பங்குச் சந்தையில் சொல்லும் சொல். மனுஷனுக்குக் கருநாக்கு இருந்திருக்க வேண்டும்.

"தலைப்பை மாற்றியதால்தானே இத்தனை விற்றது?" என்று ஒரு குரல் வரும். எப்போதும் வரும். அதற்குப் பதில் நாடு நாடாகக் கிடக்கிறது. டேனிஷ் மொழியில் அதே தலைப்பு, இத்தாலியனிலும் அதே. பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் வெறுப்பைக் கொஞ்சம் மழுப்பி 'பெண்களை நேசிக்காத ஆண்கள்' என்றாக்கினார்கள். ஆனாலும் ஆண்களை அட்டையில் நிற்கவைத்தார்கள். அந்த ஊர்களிலும் புத்தகம் லட்சக்கணக்கில்தான் போனது. பிரான்ஸிலும் ஸ்வீடனிலும் கடைகளைக் காலி செய்த பிறகுதான் ஆங்கிலத்துக்கே வந்தது. பிரெஞ்சுக்காரனுக்கும் இத்தாலிக்காரனுக்கும் நோகாதது இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் எங்கே நொந்தது?

பிறகு ஆலை ஓடத் தொடங்கியது. நியாயமாகச் சொல்ல வேண்டும், இரண்டாவது நாவலின் தலைப்பில் 'தீயோடு விளையாடிய பொண்ணு' என்று பொண்ணை வைத்தது லார்சனேதான். அதை ஒரு வார்ப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது நாவலுக்கு ஸ்வீடிஷில் 'தகர்க்கப்பட்ட ஆகாயக் கோட்டை' என்ற பொருளில் பெயர். அரசாங்கத்துக்குள் ஒரு ரகசியப் பிரிவு காலங்காலமாக ஒளித்துவைத்த பொய் வெடித்துச் சிதறுவதைச் சொல்லும் பெயர். ஆங்கிலத்தில் அது 'குளவிக்கூட்டை உதைத்த பொண்ணு'. அரசாங்கமும் தப்பித்தது.

லார்சனின் சொத்து, ஸ்வீடன் சட்டப்படி, தந்தைக்கும் சகோதரருக்கும் போனது. சேர்ந்து வாழ்ந்த எவாவுக்கு ஒரு காசு இல்லை. பெண்களுக்கு நடப்பதைப் பற்றி எழுதிய புத்தகத்தின் வருமானத்தில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு நடந்தது அது. மூன்று நாவலும் உலகம் பூராவும் 8 கோடிப் பிரதிக்கு மேல் விற்றன என்று கணக்கு. இப்படிப் பால் கறக்கிற மாட்டை யார் கட்டுத்தறியில் சும்மா விடுவார்கள்? டேவிட் லாகர்க்ரான்ட்ஸ் என்ற எழுத்தாளரை வைத்து 2015-இல் நான்காவது நாவலை வெளியிட்டார்கள். எவா எதிர்த்துப் பார்த்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் ஸ்வீடிஷ் பெயரில் பொண்ணு கிடையாது, 'நம்மைக் கொல்லாதது' என்பது போல ஒன்று. ஆங்கிலத்தில் 'சிலந்தி வலையில் பொண்ணு'. ஐந்தாவதுதான் சிகரம். ஸ்வீடிஷில் 'தன் நிழலைத் தேடிய ஆண்' என்று பெயர். பாருங்கள், தலைப்பில் கடைசியாக ஓர் ஆண் வந்து நின்றான், அதுவும் எந்தக் குற்றமும் சுமத்தப்படாமல், பாவம், நிழலைத் தேடிக்கொண்டு. அவனையும் தூக்கிவிட்டு ஆங்கிலத்தில் 'கண்ணுக்குக் கண் வாங்கும் பொண்ணு' என்று போட்டார்கள். 2022-இல் கரின் ஸ்மிர்னோஃப் எழுதிய ஏழாவது நாவல் ஸ்வீடிஷில் ஒரு கடற்கழுகின் அலறல், ஆங்கிலத்தில் கழுகின் பிடியில் பொண்ணு. முதல் நாவலிலேயே அந்த டிராகன் பொண்ணு லிஸ்பெத் சலாண்டருக்கு 24 வயது. அவளுக்குப் பிறகு கழுகு வந்தது, சிலந்தி வந்தது, எழுதுகிறவர்கள் இரண்டு முறை மாறினார்கள். தலைப்பில் மட்டும் இன்னும் அவளுக்குத் தாவணி போடவில்லை.

ஊரே இந்த வழியில் கிளம்பியது. 2012-இல் 'கான் கேர்ள்', 2015-இல் 'தி கேர்ள் ஆன் தி டிரெயின்', இவற்றுக்கு முன்னும் பின்னும் எத்தனையோ கேர்ள். இந்த இரண்டிலும் அந்த 'கேர்ள்' கல்யாணமாகி, வேலை போய், குடும்பம் உடைந்து நிற்கும் முழு வளர்ந்த பெண். எமிலி செயின்ட் ஜான் மாண்டல் என்ற நாவலாசிரியர் 2016-இல் இந்தத் தலைப்புகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலும் அந்த 'கேர்ள்' சிறுமியே இல்லை, வளர்ந்த பெண்தான் என்று கண்டார். இன்னொன்றும் கண்டார். புத்தகத்தை எழுதியவர் ஆணாக இருந்தால், கதை முடிவில் அந்தப் பொண்ணு பிணமாகக் கிடக்கும் வாய்ப்பு கூடுதலாம்.

நல்லவேளை, இளங்கோவடிகளுக்கு விற்பனைப் பிரிவு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் 'தீயோடு விளையாடிய பொண்ணு' லார்சனுக்குக் கிடைத்திருக்காது, நம்மிடம் எப்போதோ தீர்ந்திருக்கும். பாண்டியன் பெயர் முன் அட்டையிலும் வராது, பின் அட்டையிலும் வராது. வக்கீல் வேண்டாமென்று சொல்லியிருப்பார். பாரதியைக் கூப்பிட்டு, "சபதம் கிபதமெல்லாம் ரொம்பக் கனமா இருக்கு, 'கூந்தல் முடியாத பொண்ணு'ன்னு வெச்சுக்கலாமா?" என்று கேட்டிருப்பார்கள். துச்சாதனன் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான்.

தலைப்பை மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. எழுத்தாளர்கள் வைக்கும் பெயர்களைப் பார்த்தால் சில சமயம் பதிப்பாசிரியர் காலில் விழத் தோன்றும். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1925-இல் வந்த தன் நாவலுக்கு யோசித்த பெயர்களில் 'வெஸ்ட் எக்கில் ட்ரிமால்கியோ' ஒன்று. பழைய ரோமானிய நாவலில் ஊருக்கு விருந்து வைக்கும் புதுப் பணக்காரன் அந்த ட்ரிமால்கியோ. அவனைத் தெரிந்தவர்கள் நியூயார்க்கில் ஒரு சிறிய அறைக்குள் அடங்குவார்கள். இன்னொன்று 'எம்பிக் குதிக்கும் காதலன்'. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அதை யோசித்தார். ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸ் பொறுமையாகக் கையைப் பிடித்து 'தி கிரேட் காட்ஸ்பி'க்குக் கூட்டிவந்தார். கடைசி நிமிஷத்தில் மனம் மாறி, அமெரிக்கக் கொடியின் மூன்று நிறங்களையும் சேர்த்து 'சிவப்பு வெள்ளை நீலத்தின் கீழே' என்று வைக்கச் சொல்லித் தந்தி அடித்தார் ஃபிட்ஸ்ஜெரால்டு. அச்சு வேலை நெருங்கிவிட்டது, இனி முடியாது என்று பதில் போனது. தேசத்தையே கூண்டில் ஏற்றும் தலைப்பு அது. ஆனால் அது நழுவியது தாமதத்தால், யார் சதியாலும் அல்ல. ஜோசஃப் ஹெல்லரின் 'கேட்ச் 22' முதலில் 'கேட்ச் 18'. லியோன் யூரிஸின் 'மிலா 18' அதே 1961-இல் குறுக்கே வந்ததால் எண்ணை மாற்றினார்கள். இதற்காக யாரும் கொடி பிடிக்கப்போவதில்லை. வில்லியம் கோல்டிங் 'உள்ளிருந்து வந்த அந்நியர்கள்' என்று வைத்ததை ஃபேபர் பதிப்பகத்தில் 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' ஆக்கினார்கள். ஆக்கியவர் கைக்கு ஒரு மோதிரம் போடலாம்.

ஆக, மாற்றுவது குற்றமில்லை. மாற்றியபோது யார் தப்பினார்கள் என்று பார்க்க வேண்டும். காட்ஸ்பியில் யாரும் தப்பவில்லை, கோல்டிங்கில் யாரும் தப்பவில்லை. வேறு சில புத்தகங்களில் ஒரு நாடே தப்பியிருக்கிறது.

ரிச்சர்ட் ரைட் கதை அப்படி. மிஸிஸிப்பியில் பிறந்து பசியோடும் அடியோடும் வளர்ந்த கறுப்பினத்தவர், 'நேட்டிவ் சன்' நாவலால் 1940-இல் புகழ்பெற்றவர். அடுத்துத் தன் வாழ்க்கையை எழுதினார். அது நாவல் இல்லை, தன்வரலாறு. ஆனால் தலைப்பு விஷயத்தில் பதிப்பகங்கள் அந்த வித்தியாசத்தையெல்லாம் பார்ப்பதில்லை. அவர் வைத்த பெயர் 'அமெரிக்கன் ஹங்கர்', அமெரிக்கப் பசி. இரண்டு பாகம். முதல் பாகத்தில் தெற்கின் இனவெறி. இரண்டாம் பாகத்தில் அங்கிருந்து தப்பி சிகாகோவுக்கு வந்தவன் வடக்கில் கண்டது. வடக்கிலும் பசி இருந்தது, வடக்கிலும் வெள்ளைத் தோலுக்குத்தான் முதல் மரியாதை, கம்யூனிஸ்ட் கட்சிக்குள் போனால் அங்கேயும் சந்தேகக் கண்கள். ஹார்ப்பர் பதிப்பகம் அச்சுக் கோத்துத் தயாராக இருந்த நேரத்தில், சந்தாதாரர்களுக்கு மாதம் ஒரு புத்தகம் தபாலில் அனுப்பும் 'புக் ஆஃப் தி மந்த் கிளப்' வந்தது. அந்தச் சங்கம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் ஆசிரியருக்கு ஆயுளுக்கும் கவலையில்லை. தேர்ந்தெடுக்கிறோம், முதல் பாகம் மட்டும் போதும் என்றார்கள்.

எவ்வளவு நுட்பமான பசி பாருங்கள். தெற்கின் அசிங்கத்தைச் சொல்லலாம், அதை வடக்கத்திக்காரர்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து உச்சுக்கொட்டிக்கொண்டு படிப்பார்கள். வடக்கின் அசிங்கத்தைச் சொன்னால் சந்தா நின்றுவிடும். முதல் பாகம் எங்கே முடிகிறது என்றால், வடக்கு நோக்கிக் கிளம்புகிறான் நாயகன், நெஞ்சில் நம்பிக்கையோடு. அத்தோடு அறுத்துவிட்டால் புத்தகமே வடக்குக்கு நற்சான்றிதழ் ஆகிவிடும். வெட்டப்பட்ட பாகத்தில் ஒரு காட்சி வரும். சிகாகோ உணவகம் ஒன்றில் எடுபிடி வேலை செய்யும் ரைட், வெள்ளைக்காரச் சமையல்காரி கொதிக்கும் சூப்பில் எச்சில் துப்புவதைப் பார்த்துவிடுகிறார். பார்த்ததை வெள்ளைக்கார முதலாளியிடம் போய்ச் சொன்னால், ஒரு கறுப்பன் சொல்வதை அவர் நம்புவாரா என்று மருகுகிறார். சந்தாதாரர்கள் இதைப் படிக்கவில்லை. மாதா மாதம் தபாலில் வந்த சுத்தமான சூப்பைக் குடித்தார்கள்.

இதற்கு மேல், அந்தச் சங்கத்தின் நடுவர்களில் ஒருவரான டாரதி கான்ஃபீல்ட் ஃபிஷர், அமெரிக்க லட்சியங்களில் பிடிப்புள்ள நல்ல வெள்ளையர்களும் இருந்தார்களே, அவர்களால் உனக்கு ஒரு நம்பிக்கையும் பிறக்கவில்லையா என்ற தொனியில் ரைட்டுக்குக் கடிதம் எழுதினார். தோலை உரித்தவன் குடும்பத்தில் யாரோ ஒருவர் மருந்து தடவியிருப்பார், அவருக்கு நன்றி சொல்லிப் புத்தகத்தை முடி என்று கேட்கும் பெருந்தன்மை உலகத்தில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

1945-இல் புத்தகம் 'பிளாக் பாய்' என்ற பெயரில் வந்தது. பெயரைத் தந்தது ரைட்டேதான், யாரும் அவர் கையை முறுக்கவில்லை. பாதிப் புத்தகம் போன பிறகு அமெரிக்கப் பசி என்ற பெயரை எதன் மேல் ஒட்டுவது? தேசம் இறங்கிக்கொண்டது, பையன் ஏறிக்கொண்டான். ஆண்கள் இறங்கிப் பொண்ணு ஏறிய அதே படிக்கட்டு. இரண்டாம் பாகம் 'அமெரிக்கன் ஹங்கர்' என்ற பெயரோடு தனிப் புத்தகமாக வந்தது 1977-இல். ரைட் இறந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. இரண்டையும் அவர் எழுதிய வரிசையில் ஒரே கட்டாகச் சேர்த்துப் போட 1991 ஆயிற்று. அதுவரை பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் படித்து, கட்டுரை எழுதி, மார்க் வாங்கியதெல்லாம் அந்தப் பாதிக்குத்தான்.

பிரீமோ லெவி பற்றிப் பேசும்போது எனக்குக் கிண்டல் வரவில்லை. வரவழைக்கவும் விருப்பமில்லை.

இத்தாலிய யூதர், வேதியியலாளர், ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். முகாமைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு முதலில் யோசித்திருந்த பெயர் 'மூழ்கியவர்களும் மீண்டவர்களும்'. 1947-இல் தே சில்வா என்ற சிறிய பதிப்பகம் அதை வெளியிட்டபோது, லெவியின் கவிதையிலிருந்தே எடுத்து 'இவன் மனிதன்தானா' என்று பொருள்படும் தலைப்பை வைத்தது. பதிப்பாளர் மாற்றிய தலைப்புத்தான் இதுவும். ஆனால் படிக்கிறவன் தொண்டையில் முள்ளாக நிற்கும் தலைப்பு. யாரை மனிதன் என்கிறாய், எதைச் செய்த பிறகும் நீ மனிதன்தானா என்று அது நம்மைக் கேட்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறது. 1959-இல் ஸ்டூவர்ட் வுல்ஃப் மொழிபெயர்ப்பு வந்தபோதும் அந்தக் கேள்வியோடுதான் வந்தது. சில வருஷத்தில் அமெரிக்காவில் மலிவுப் பதிப்பு போட்டவர்கள் பெயரை மாற்றினார்கள், 'சர்வைவல் இன் ஆஷ்விட்ஸ்'. ஆஷ்விட்ஸில் உயிர் பிழைத்தல்.

கேள்வியை எடுத்துவிட்டுப் பதிலை வைத்துவிட்டார்கள். அதுவும் சந்தோஷமான பதில். காட்டில் வழி தவறினால் உயிர் பிழைப்பது எப்படி, பங்குச் சந்தைச் சரிவில் உயிர் பிழைப்பது எப்படி என்கிற புத்தகங்கள் இருக்கும் அலமாரியில் இதையும் செருகலாம். முகாமில் நல்லவர்கள் பிழைக்கவில்லை, பெரும்பாலும் நல்லவர்கள்தான் முதலில் செத்தார்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் லெவி. தான் பிழைத்ததை ஒரு திறமையாகச் சொல்லிக்கொள்ள ஒருநாளும் ஒப்பாதவர். அவர் புத்தகத்தின் நெற்றியில் பிழைத்தல் என்று பச்சை குத்தி அனுப்பினார்கள். கைவிட்ட பழைய பெயரை அவர் மறக்கவில்லை. 1986-இல் முகாம் பற்றிய தன் கடைசிப் புத்தகத்துக்கு அதையே வைத்தார், மூழ்கியவர்களை முதலில் போட்டு. அடுத்த ஏப்ரலில் இறந்தார். அமெரிக்கக் கடைகளில் 'சர்வைவல்' தொடர்ந்து விற்றது.

சட்டமும் இதற்கெல்லாம் ஒத்தாசையாக இருக்கிறது. ஒரு நாவலின் ஒவ்வொரு வரிக்கும் காப்புரிமை உண்டு, தலைப்புக்கு மட்டும் பெரும்பாலும் கிடையாது. ஒப்பந்தத்தில் "தலைப்பு இரு தரப்பும் கலந்து பேசி" என்று ஒரு வரி இருந்தால் பெரிய விஷயம். கலந்து பேசுவது என்றால் என்ன என்று மேலே சொன்ன அறையைப் பார்த்தாலே தெரியும். பெரிய கடைகளின் கொள்முதல்காரர்கள் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, அட்டையைப் பார்ப்பார்கள். சில நிமிஷத்தில் இத்தனை பிரதி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எழுத்தாளர் நாலு வருஷம் விழித்துக் கண்டுபிடித்த நாலு சொல்லை அந்தச் சில நிமிஷத்துக்குத்தான் பலி கொடுக்கிறார்கள்.

நம் ஊரில் விற்பனைப் பிரிவுக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. இங்கே அந்த வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 1857 கலகத்தை வைத்து சுஜாதா குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' தொடரை ஆரம்பித்தபோது, தங்கள் சாதியை இழிவுபடுத்திவிட்டதாக ஒரு தரப்பு கொதித்தெழுந்தது, தொடர் பாதியில் நின்றது. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில்தான் அந்தக் கதை திரும்பி வர முடிந்தது. தலைப்பு என்னவோ சமத்துவம் பேசுகிறது. அது எப்படி வந்தது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதன் கசப்பு புரியும். எதிர்த் திசையிலும் ஒரு கதை உண்டு. ஜெயகாந்தன் தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று எழுதிய தொடரைப் புத்தகமாக்கும்போது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று மாற்றினார். காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு கல்லூரிப் பெண்ணைச் சீரழித்தவனும், அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளாத வீடும் உள்ள கதை. தொடரின் பெயரில் பழி காலத்தின் தலையில் விழுந்தது, புத்தகத்தின் பெயரில் மனிதர்களிடம் வந்து சேர்ந்தது. 'சில' என்று போட்டு மிச்சப் பேரைக் காப்பாற்றிவிட்டார் ஜே.கே. அதற்குக்கூட நாம் நன்றி சொல்லவில்லை.

ஆனால் லண்டன்காரர்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி நம் நாளிதழ்களுக்கு இருக்கிறது. டிராகன், சிலந்தி, கழுகு என்று அவர்கள் அலைகிற இடத்தில், நாம் எழுவாயையே இலக்கணத்திலிருந்து விலக்கிவைத்துவிட்டோம். 'இளம்பெண் எரித்துக் கொலை'. 'மாணவி பலாத்காரம்'. 'மனைவி வெட்டிக் கொலை: நடத்தையில் சந்தேகம்'. யார் எரித்தது, யார் வெட்டியது என்று தலைப்பு சொல்லாது. யார் சந்தேகப்பட்டது என்றும் சொல்லாது. ஏதோ புயல் கரையைக் கடந்தது மாதிரி எல்லாம் தானாக நடந்திருக்கும். கொலையானவளின் படம் மட்டும் கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் கல்யாண ஆல்பத்திலிருந்து பிய்த்துக் கொடுத்தது, மாலையும் நெற்றிச்சுட்டியுமாக. கைதானவனின் படமும் சில நாளில் வரும். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே, தலையிலிருந்து கழுத்துவரை துண்டைப் போர்த்தி, அவன் மானத்துக்கு ஒரு குறையும் வராதபடி.